சண்டைக்கு நடுவில் ஒரு சிரிப்பு

ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையின், அதுவும் கடற்கொள்ளைக்காரர்கள் கதையின், ஒரே ஒரு அத்தியாயத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர்களிடையே விழுந்த மௌனம் எனக்குப் புரிந்தது. மாங்கா என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு கவிஞர், 'உப்பு மிளகாய்ப்பொடி உண்டா?' என்றார். சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் ஒரு தீர்ப்பும் இருந்தது. வாரப் பத்திரிகையில் வருவது, லக்ஷக்கணக்கில் விற்பது, சிறுவர்களுக்கானது – இவற்றில் ஏதாவது ஒன்று போதும், ஒரு விஷயத்தை வாசிக்காமலே நாம் தள்ளிவைக்க. மூன்றும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வியாபார எழுத்தை எதிர்த்து நின்ற ஒரு மரபு நமக்கு உண்டு. அது நமக்கு விட்டுப்போனது மதிப்பிடும் பொறுப்பை. நாம் அதை மதிப்பிடாமலிருக்கும் சௌகரியமாக மாற்றிக்கொண்டுவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

எயிச்சிரோ ஓடா எழுதி வரையும் 'ஒன் பீஸ்', 1997 ஜூலையில் ஷூயிஷா நிறுவனத்தின் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் அதன் தொகுதிகள் உலகெங்குமாக 50 கோடிப் பிரதிகளைத் தாண்டின. பிரமிக்க வைப்பதற்காக இந்த எண்ணைச் சொல்லவில்லை. இது வியாபாரம்தான், அதை மறைத்துக்கொண்டு பேச எனக்கு விருப்பமில்லை. ஜம்ப் இதழ் வாராவாரம் வாசகர்களிடம் வாக்குக் கேட்கும். பின்தங்கும் தொடரை இரக்கமின்றி நிறுத்தும். நட்பு, முயற்சி, வெற்றி என்ற மூன்று சொற்கள் அதன் தாரக மந்திரம். இந்தச் செக்கில் கால் நூற்றாண்டு சுற்றி வந்த மனிதர், 2022 மார்ச் 28-இல் வெளிவந்த 1044-ஆம் அத்தியாயத்தில், அந்த மூன்று சொற்களில் நடுவில் இருப்பதை உடைத்தார். அல்லது உடைத்துவிட்டதாக அன்று எனக்குத் தோன்றியது. அந்தத் தோற்றத்தோடு நான் போட்ட சண்டைதான் இந்தக் கட்டுரை.

கதை தெரியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். லுஃபி என்ற பையன் ஒரு பழத்தைத் தின்றுவிடுகிறான். உடம்பு ரப்பராகிறது. இப்படிப்பட்ட பழங்களைத் தின்றவர்களுக்கு நீச்சல் வராது, கடல் அவர்களை விழுங்கிவிடும். நீந்தத் தெரியாத ஒருவன் கடற்கொள்ளையர்களின் ராஜாவாகக் கிளம்புகிறான். இந்த முரணில்தான் ஓடாவின் முழு உலகமும் தொங்குகிறது. ராஜா என்றால் ஆள்பவன் என்று அவன் நினைக்கவில்லை; கடலில் யாரையும்விட சுதந்திரமாக இருப்பவன் என்று நினைக்கிறான். அந்தக் கடலுக்கு மேலே உலக அரசாங்கம் ஒன்று இருக்கிறது. அதற்கும் மேலே, அடிமைகளை வைத்துக்கொண்டிருக்கும் பிரபுக்கள். வானோ என்ற, கதவடைத்துக்கொண்ட நாட்டில் – எடோ காலத்து ஜப்பானின் சாயலில் வரையப்பட்டது – கைடோ என்ற ராக்ஷஸன் ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்துகிறான். ஆறுகள் விஷமாகிவிட்டன. ஜனங்கள் பட்டினி. 2018-இல் லுஃபி முதன்முறை கைடோவை எதிர்த்தபோது ஒரே அடியில் விழுந்தான். சிறையில் கல் சுமந்தான். 2021 ஜனவரியில், 1000-ஆவது அத்தியாயத்தில், ஒரு தீவின் கோட்டைக் கூரைமேல் மீண்டும் எதிர்ப்பட்டார்கள். பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலாக, வாராவாரம், அடி, வீழ்ச்சி, மறுபடி எழுதல்.

கடைசியில் அரசாங்கத்தின் ரகசிய ஆள் ஒருவன் குறுக்கே வந்து லுஃபியைப் பிடிக்க, அந்தக் கணத்தில் கைடோவின் தண்டம் இறங்குகிறது. ஜெயித்த கைடோவுக்கே அது அவமானமாக இருக்கிறது. 1043-இல் பையன் கிடக்கிறான். உடம்பு உருகுகிறது. எங்கோ ஒரு தாளம் கேட்கிறது. 1044-இல் அவன் சிரித்துக்கொண்டே எழுகிறான். அவன் தின்ற பழத்தின் உண்மையான பெயர் அதுவல்ல என்று, தொலைவில், ஒரு கூடத்தில் அமர்ந்த ஐந்து கிழவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது ரப்பர்ப் பழமே இல்லையாம். நிக்கா என்ற சூரிய தெய்வத்தின் பழமாம். அதன் பெயரை வரலாற்றிலிருந்து அழிப்பதற்காக அரசாங்கம் வேறு பெயர் சூட்டியதாம். பழத்துக்கே ஒரு சித்தம் உண்டாம். 800 வருஷமாக அரசாங்கத்தின் கைக்கு அகப்படாமல் தப்பிக்கொண்டே வந்ததாம்.

ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும் நள்ளிரவு நமக்கு ஞாயிறு இரவு எட்டரை மணி. அந்த நேரத்தில் கைபேசியில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிடும். ஒன்பது மணிக்கு அக்கா மகன் கூப்பிட்டான். என்னை இந்தக் கதைக்குள் இழுத்துவிட்டவன் அவன்தான்.

'மாமா, படிச்சீங்களா? சாமியாயிட்டான் மாமா!'

'அதுதாண்டா தப்பு' என்றேன்.

மூன்று நாள் கோபமாக இருந்தேன். என் வாதம் எளிமையானது. லுஃபியின் பழம் கேவலமானது, கேலிக்குரியது. நெருப்பாகவும் மின்னலாகவும் மாறுகிறவர்கள் நடுவில் அவன் வெறும் ரப்பர். அந்த ரப்பரை வைத்துக்கொண்டு மின்னல்காரனை அவன் அடித்தபோது நான் கைதட்டினேன், ஏனென்றால் அது அவனுடைய புத்தி, அவனுடைய பிடிவாதம். இப்போது, இல்லையப்பா, உள்ளே இருந்தது தெய்வம் என்றால், நான் எதற்குக் கைதட்டினேன்? போதாததற்கு, அவனுடைய தாத்தா கடற்படையின் பெரிய வீரர், அப்பா உலகம் தேடும் புரட்சிக்காரர் என்று முன்பே தெரிந்தாகிவிட்டது. ரத்தமும் ராசியும் சேர்ந்துவிட்டால் மனிதனுக்கு என்ன மிச்சம்? நிக்கா என்ற பெயர் கதையில் முதன்முதலாகச் சொல்லப்பட்டது 2021-இல், 1018-ஆம் அத்தியாயத்தில். சிறையில் கிடந்த ஒருவன், அடிமைகள் வேண்டிக்கொண்ட தெய்வம் என்று கேள்விப்பட்டதாகச் சொல்கிறான். ஒரு வருஷம்கூட ஆகாத விதையிலிருந்து கால் நூற்றாண்டு மரத்தை விளக்குவது என்ன நியாயம்? இந்தக் குற்றச்சாட்டு பலரும் சொன்னதுதான். இன்றும் அதன் பலம் முழுக்கக் குறைந்துவிடவில்லை.

ஆனால் நாலாவது நாள் மறுபடி வாசித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அந்தப் பழத்தை ரப்பர்ப் பழம் என்று எனக்குச் சொன்னது யார்? அரசாங்கத்தின் பதிவேடு. அந்தப் பெயரைத்தான் லுஃபி சொன்னான், அவன் எதிரிகள் சொன்னார்கள், 1997 முதல் நானும் மற்ற வாசகர்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதிகாரம் ஒரு பெயரை அழித்து இன்னொன்றை எழுதினால், அழித்த தடம்கூடத் தெரியாமல் அது நிலைத்துவிடும் என்பதைக் கதாசிரியன் ஒரு பாத்திரத்தின் வாயால் பிரசங்கமாகச் சொல்லியிருக்கலாம். ஓடா அப்படிச் செய்யவில்லை. வாசகனையே 25 வருஷம் ஏமாந்தவனாக வைத்திருந்து காட்டினார். என் கோபத்தில் பாதி, ஏமாந்தவனின் கோபம். அந்தக் கோபம் ஓடாவின் மேல் பாய வேண்டியதா, அந்தப் பதிவேட்டின் மேல் பாய வேண்டியதா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இது முன்கூட்டித் திட்டமிட்டதா, பாதியில் தோன்றியதா என்ற விசாரணையில் எனக்கு ருசியில்லை. அடிமைகளை விடுவித்த ஃபிஷர் டைகர், அவர்கள் முதுகில் பிரபுக்கள் சுட்ட முத்திரையின் மேல் சூரியனைப் பொறித்து மறைத்ததாக 2011-இலேயே வரைந்திருக்கிறார். சூரியனும் விடுதலையும் அங்கேயே கைகோத்திருக்கின்றன. அது போதும். படைப்பாளி பின்னால் திரும்பிப் பார்த்துத் தன் பழைய கோடுகளில் புதிய உருவத்தைக் காண்பது மோசடி அல்ல. நீண்ட படைப்புகள் அப்படித்தான் வளர்கின்றன.

இனி அத்தியாயத்தின் உருவம். நம்மில் சித்திரக்கதையைப் பேசுகிறவர்கள் கதையைச் சொல்லிவிட்டுச் சித்திரத்தை விட்டுவிடுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் நிகழ்வது முதலில் மையில் நிகழ்கிறது. அதுவரை லுஃபியின் சண்டை கறுப்பால் வரையப்பட்டது. பலம் கூடக்கூட அவன் கை கறுக்கும், இரும்பாகும். கட்டங்கள் கோடுகளாலும் புகையாலும் அடைபடும். கனமே பலம் என்ற ஸ்தூலமான சமன்பாடு. எழுந்தவன் வெள்ளையாக எழுகிறான். தலைமயிர் வெள்ளை, உடை வெள்ளை, தோளைச் சுற்றி ஒரு மேகத் துணுக்கு. மையை வைக்காமல் விட்டதால் உண்டான உருவம் அது. அடர்ந்த கறுப்புக்கு நடுவே காகிதமே எழுந்து நின்று சிரிப்பதுபோல் இருக்கிறது. கைடோ தீயை உமிழ்கிறான். பையன் தரையைப் பிடித்துத் துணிபோல் இழுத்து அந்தத் தீயைத் திருப்பிவிடுகிறான். அவன் உடம்பு மட்டுமில்லை, உலகமே ரப்பராகிவிட்டது. இந்த அத்தியாயத்திலும் அடுத்ததிலும் கண்கள் கூட்டிலிருந்து பிதுங்கி வெளியே பாய்கின்றன, மகா நாகத்தைக் குழந்தைகள் தாண்டிக் குதிக்கும் கயிறாக ஆக்கிச் சுழற்றுகிறான்.

இது 1920-களிலும் 30-களிலும் அமெரிக்கக் கார்ட்டூன் படங்களில் இருந்த உடம்பு. எலும்பில்லாத, ரப்பர்க் குழாய்போல் வளையும் கைகால்கள். டிஸ்னியின் மேல் தீராத மோகம் கொண்ட ஒசாமு தெசுகா, யுத்தத்தில் தோற்ற ஜப்பானில், 1947-இல், ஷிச்சிமா சகாயின் கதைக்கு 'புதிய புதையல் தீவு' வரைந்தபோது அந்த உடம்பைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த தலைமுறைகள் அதற்கு எலும்பும் தசையும் ரத்தமும் கொடுத்து, சண்டையைக் கனமானதாக்கின. ஓடா தன் மிகப் பெரிய சண்டையின் உச்சத்தில், கனம் கூட்ட வேண்டிய இடத்தில், அந்தப் பழைய எலும்பில்லாத உடம்புக்குத் திரும்புகிறார். புதையல் தேடும் கதை தன் மூதாதையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. இது வெறும் வேடிக்கை என்று சொல்பவர்கள், சண்டை என்றால் வலி, வலி என்றால் ஆழம் என்று நினைத்துப் பழகியவர்கள். நானும் அவர்களில் ஒருவன்தான். நம் கவிதையிலும் அந்த வழக்கம் உண்டு. முகத்தைச் சுளித்தால்தான் கவிதை என்று நம்பி எத்தனை பக்கங்களை நிரப்பியிருக்கிறோம்.

தாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானியச் சித்திரக்கதையில் ஓசையும் வரையப்படுவது. 'டொன் டொட்டொட்டோ' என்ற எழுத்துக்கள் கட்டத்துக்குக் கட்டம் வளைந்து ஓடுகின்றன. அது அவன் இதயத்துடிப்பு. 2023 ஆகஸ்டில் இது அனிமேஷன் படமாக வந்தபோது வண்ணமும் இசையும் சேர்ந்து பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே தாளத்தை எனக்காக வேறொருவர் அடிக்கிறார். காகிதத்தில் அது ஊமை எழுத்து. அதன் வேகத்தை என் கண் தீர்மானிக்கிறது, என் நாடி தீர்மானிக்கிறது. படத்தில் பார்த்ததைவிட மௌனமான பக்கத்தில் அதிகம் கேட்டேன்.

இப்போது எனக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வானோவில் ஏற்கெனவே ஒரு சிரிப்பு இருக்கிறது. 2019-இல் வந்த அத்தியாயங்களில், யசுயே என்ற பழைய பிரபு – கோமாளியாக வேஷம் போட்டு ஏழைகளோடு வாழ்ந்தவர் – சிலுவையில் கட்டப்பட்டுச் சுடப்படுகிறார். அவரைத் தெய்வமாக நினைத்திருந்த எபிசு ஊர் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவருடைய சின்ன மகள் டோக்கோ கன்னத்தில் நீர் வழிய ஓடிவருகிறாள், சிரித்துக்கொண்டே. முதலில் நமக்குக் குமட்டுகிறது. பிறகு காரணம் தெரிகிறது. கைடோவின் படைக்காகத் தொழிற்சாலையில் செய்த செயற்கைப் பழங்கள். பத்தில் ஒன்றுதான் பலிக்கும். மற்றதைக் கடித்தவனுக்குச் சக்தி வராது, சிரிப்பைத் தவிர வேறு எந்த உணர்ச்சியையும் முகத்தில் காட்டும் திறன் போய்விடும். கடித்து மிச்சம் வைத்த அந்தப் பழங்களை ஆட்சியாளன் ஒரோச்சி, பசித்துக் கிடந்த ஊருக்குப் போட்டான். பழத்தின் பெயர் 'ஸ்மைல்'.

அதிகாரம் செய்த பழம் ஒன்று, அதிகாரம் பெயரை மாற்றிய பழம் ஒன்று. இரண்டும் சிரிக்க வைக்கின்றன. முதலாவது, துக்கத்தைப் பறித்துக்கொண்டு சிரிப்பை விட்டுவைக்கிறது. ஆளப்படுகிறவன் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதானே எந்தக் கொடுங்கோலனுக்கும் கனவு. லுஃபியின் சிரிப்பை இந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் 1044 ஒரு வேடிக்கைதான். வைத்துப் பார்த்தால், ஒரு நாட்டின் முகத்திலிருந்து திருடி விகாரமாக்கிய ஒன்றை ஒருவன் சண்டைக்கு நடுவில் மீட்டு, மறுபடி தன்னிச்சையானதாக ஆக்கும் காரியமாக அது தெரிகிறது. இது தெரிந்த பிறகு என் மூன்று நாள் கோபத்துக்கு அதிக வேலை இருக்கவில்லை.

ஆனால் ஓடா இந்த இரண்டு சிரிப்புகளையும் ஒரே பக்கத்தில் வைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கூரைமேல் அவன் சிரிக்கும்போது எபிசு ஊரின் ஒரு முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. வானோ பகுதி முடிந்தபோதும் அவர்களுக்கு அழும் முகம் திரும்பியதாகக் காட்டப்படவில்லை. அந்த இடத்தில் அவர் வைத்தது ஐந்து கிழவர்களின் சம்பாஷணையை. பழத்தின் சக்தி உலகிலேயே மிகக் கேலிக்கிடமானது என்று கிழவர்கள் சொல்ல வேண்டியதில்லை, அதைத்தான் அடுத்த பக்கம் வரைந்து காட்டுகிறதே. பழத்துக்குச் சித்தம் உண்டு என்ற விளக்கம் இன்னும் மோசம். ஒரு பையன் பசியில் எதையோ எடுத்துத் தின்ற தற்செயலின் அழகை அது கெடுத்துவிடுகிறது.

இரண்டாவது குறை மரணம். நிகழ்காலத்தில் ஓடாவின் மனிதர்கள் சாவதில்லை. ஒரு நகரத்தைக் காப்பாற்ற வெடிகுண்டைச் சுமந்து வானத்தில் வெடித்த பெல், பிறகு கட்டுப்போட்டுக்கொண்டு நடந்து வருகிறார். 2010-இல் லுஃபியின் அண்ணன் ஏஸ் இறந்தது வாசகர்களை உலுக்கியதற்கு அதன் அபூர்வமும் ஒரு காரணம். எழுந்துகொள்வான் என்று தெரிந்தவன் விழுவதில் எவ்வளவு கனம் இருக்க முடியும்? 1044-இன் எழுச்சி இந்தக் கடனையும் சுமந்துகொண்டுதான் எழுகிறது.

கைடோவை வீழ்த்தும் கடைசி அடிக்கு ஓடா இட்ட பெயர் நமக்குப் பரிச்சயமானது: பஜ்ரங். அதை எழுதிய சித்திர எழுத்துக்களின் பொருள் வானர தெய்வம். லுஃபியின் குடும்பப் பெயரே 'மங்க்கி' அல்லவா. ஓடா எவ்வளவு தெரிந்து வைத்தார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அனுமன் தன் பலத்தை மறந்திருந்தவன், ஜாம்பவான் சொல்லித்தான் நினைவு வந்தது என்று கேட்டு வளர்ந்த எனக்கு, பழத்தின் ரகசியம் அன்றோடு அந்நியமாக இல்லாமல் போயிற்று. மறந்த பலம் ஞாபகத்துக்கு வந்ததால் அனுமன் தாண்டிய கடலின் தூரம் குறைந்துவிடவில்லை. தாண்ட வேண்டியவன் அவன்தான். ஒரு வித்தியாசம்: அனுமனுக்கு ஒரு ராமன் உண்டு. இந்த வானரத்துக்கு எஜமானன் இல்லை. தானும் யாருக்கும் எஜமானனாக மாட்டேன் என்கிறது. இதை நான் அற்பமாக நினைக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்டில் இந்தோனேஷியாவில், சுதந்திர தினத்துக்கு முன்பாக, லாரிகளிலும் வீடுகளிலும் லுஃபியின் கொடி – வைக்கோல் தொப்பி போட்ட மண்டை ஓடு – பறந்தது. செப்டம்பரில் காட்மாண்டுவில் ஊழலுக்கு எதிராகத் தெருவுக்கு வந்த இளைஞர்கள் கையில் அதே கொடி. அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரின் வாசலிலும் அதைக் கட்டினார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மறுநாள் பிரதமர் பதவி விலகினார். அந்தச் சில நாட்களில் நேபாளத்தில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

வியாபாரச் சரக்கு, சிறுவர் சமாசாரம் என்று நாம் தள்ளிவைத்த ஒன்று, நம் கவிதைகள் எதுவும் போகாத தெருவுக்குப் போயிருக்கிறது. இதைச் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லை. கூரைமேல் விழுந்த பையனுக்கு ஒரு தாளம் கேட்டது, எழுந்தான். காட்மாண்டுவில் விழுந்தவர்கள் எழவில்லை. நான் மேலே சொன்ன இரண்டாவது குறை அதனால் வெறும் இலக்கியக் குறை இல்லை. சாவில்லாத விடுதலையை வரைந்த படைப்பின் கொடியைச் சாவுள்ள பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போனார்கள். இதற்கு ஓடா பொறுப்பில்லை. எந்தப் படைப்பாளியும் பொறுப்பில்லை. ஆனால் அதை ரசித்தவன் என்ற முறையில் என்னால் இந்த இரண்டு படங்களையும் பிரித்து வைக்க முடியவில்லை. அவர்கள் ஏமாந்து போனார்கள் என்றும் என்னால் சொல்ல முடியாது. சிரிக்க மட்டுமே அனுமதிக்கப்பட்ட முகங்களோடு வாழ மறுத்தவர்கள் அவர்கள். எபிசு ஊர் அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

கொடியின் செய்தி வந்த அன்று அக்கா மகன் கூப்பிட்டான். மாமா பாத்தீங்களா என்று மட்டும் கேட்டான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அவனும் அந்த வயசுதான்.

103-ஆவது தொகுதியில் இந்த அத்தியாயம் இருக்கிறது. மாங்காய்க்கு உப்பும் மிளகாய்ப்பொடியும் கேட்ட நண்பருக்கு அதை அனுப்பியிருக்கிறேன். வாசித்துவிட்டு அவர் சண்டைக்கு வரட்டும்.